ஐஸ் பெட்டிக்குள் வைத்த கொம்பியூட்டர்

அந்தக் கொம்பியூட்டர் பெரிய பிஸ்கட் தகரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கைபிடி, முன்பக்கத்தில் சிவப்பு வெளிச்சம். சண்டை நின்றிருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, தன் மகன் விளையாடி அலுத்துப்போன பெட்டி என்று சொல்லி எங்களிடம் விட்டுப் போனது. விளையாட்டுக்கென்றே செய்த சாமான். குளிர் நாட்டில் குளிர் அறைக்குள் இருந்து பழகியது. அதைக் கொண்டுவந்து மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில், தகரக் கூரைக்குக் கீழே, கருவாடு காயும் முற்றத்தைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? பாவம், அதன் மேல் பிழையே இல்லை.

சண்டை மறுபடி தொடங்கியபோது நான் படிப்பை முடித்துவிட்டு, கடலுக்குப் போகவேண்டிய வயதில் இருந்தேன். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு ஒரே வேலைதான்: ஆம்பிளைப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பது. கடைக்குப் போனவன் வரவில்லை என்பார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன் எங்கே என்று தெரியாது என்பார்கள். கடலுக்குப் போன வள்ளம் ஆளில்லாமல் கரைக்கு ஒதுங்கியது என்பார்கள். ஒவ்வொரு கதையையும் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து என் முகத்தைப் பார்ப்பார். ஒரு நாள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"நீ வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. கடலும் வேண்டாம், கடையும் வேண்டாம். உள்ளுக்க இரு."

ஒரு இளந்தாரியை வீட்டுக்குள் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அம்மா முதலில் கதவைப் பூட்டிப் பார்த்தார், யன்னலால் குதித்தேன். அழுது பார்த்தார், அவர் அழுது முடியும்வரை இருந்துவிட்டுப் போனேன். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது மாமா விட்டுப்போன பெட்டிதான். அதில் துப்பாக்கியோடு ஓடித் திரியும் ஒரு விளையாட்டு இருந்தது. அதைப் போட்டுவிட்டால் நான் சாப்பாட்டுக்குக் கூட எழும்ப மாட்டேன். பெட்டி ஓடும்வரை நான் கதிரையில் இருப்பேன், பெட்டி நின்றால் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவேன். இந்தக் கணக்கு அம்மாவுக்கு ஓரிரு நாளிலேயே விளங்கிவிட்டது. பெட்டி சூடாகினால் அம்மாவின் வயிற்றில் நெருப்புப் பிடிக்கும்.

ஆனால் ஒழுங்கையில் இருக்கிற அக்கம்பக்கத்துச் சனத்துக்கு என்ன சொல்வது? எங்களிடம் இருந்தது சின்ன வள்ளம், ஆனால் வலை இழுக்க இரண்டு பேர் வேண்டும். அப்பா தனியாகப் போக முடியாது. மகன் வீட்டில் மலைபோல் இருக்க, தகப்பன் ஏன் வேறு ஆள் தேடுகிறார் என்று கேட்க மாட்டார்களா? அம்மா யோசித்து எனக்கென்று ஒரு நோயை, ஒரு வருத்தத்தைக் கண்டுபிடித்தார். இருதய வருத்தம். பாரம் தூக்கக் கூடாது, அலைச்சல் கூடாது, வெயில் கூடாது என்று டொக்டர் சொன்னதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்தார். ஆட்கள் வந்தால் எப்படி மூச்சை இழுத்து விடுவது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். நான் அதை நன்றாகவே செய்தேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பேச்சின் நடுவில் நிறுத்தி, சுவரைப் பிடித்து நடப்பேன். அந்த நடிப்பு எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது கூசுகிறது.

எனக்குப் பதிலாக அப்பாவோடு கடலுக்குப் போனவன் பக்கத்து வளவு மாமியின் மகன். மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் மாமி. புருஷன் கடலில் போனவர், திரும்பவில்லை. இருந்தது அந்த ஒரு மகன்தான், என்னைவிட ஒரு வயது குறைவு. அம்மா கேட்டபோது மாமி மறுக்கவில்லை. மறுக்க அவரிடம் வசதி இருக்கவில்லை. அதைவிட மோசம், மாமி எங்களுக்கு நன்றி சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு தொழில் கொடுத்தீர்களே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் உள்ளே இருந்து அதைக் கேட்டேன். விளையாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன்.

ஒரு நாள் மாமி கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மடுக் கோயில் மண். எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தாலும் காய்ச்சல் என்றாலும் அந்த மண்ணைத்தான் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். அப்போது மடுவுக்குப் போகிற பாதை அடைபட்டிருந்தது, யாரும் போய் மண் எடுத்து வர முடியாது. மாமி வைத்திருந்தது தன் புருஷன் எப்போதோ கொண்டுவந்த மண்ணின் மிச்சம்.

"முழுக்கக் குடிச்சிடுங்கோ தம்பி. மாதா பாத்துக்கொள்ளுவா."

"உங்கட வீட்டுக்கு வேணுமே மாமி?"

"எங்களுக்கு என்ன வருத்தம்? நாங்க நல்லாத்தானே இருக்கிறம்."

அம்மா சமைக்கிற குசினி வாசலில் நின்றார். வாங்காதே என்று சொல்லவும் இல்லை, வாங்கு என்று சொல்லவும் இல்லை. நான் கரைத்துக் குடித்தேன். பல்லில் மண் நறநறத்தது. மாமி தலையில் கைவைத்துச் செபம் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் நான் வழக்கத்தைவிடக் கூட நேரம் விளையாடினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டி வரவர மோசமாகிக்கொண்டு வந்தது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த சின்ன விசிறி அலறத் தொடங்கும். பிறகு படம் கிழிந்து கிழிந்து வரும். பிறகு பட்டென்று எல்லாம் கறுத்துப்போகும். மேலே கை வைக்க முடியாது. கழற்றிப் பார்த்தேன். சின்னப் பெட்டி என்றபடியால் உள்ளே எல்லாம் ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிதான். அந்த இடைவெளி முழுக்கத் தூசி, கடற்கரை மணல், உப்புப் பிசுக்கு. விசிறியின் இதழில் மீன் செதிள்கள் ஒட்டியிருந்தன. செதிள் எப்படி அதற்குள் போனது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் செதிள் போகாத இடம் இல்லை.

பெயின்ற் அடிக்கிற பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்தேன். சில்லுக்கும் அதன் மேல் இருந்த அலுமினியத்துக்கும் நடுவில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த பசை, காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் திருத்துகிறவருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். கொழும்பிலிருந்து சாமான் வருவதே இல்லை, பாதை திறந்தால் பார்ப்போம் என்றார். அவசரத்துக்கு என்ன செய்யலாம் என்றதற்கு, "பல்லு விளக்கிற பேஸ்டைப் பூசிப் பாருமன்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. நான் பூசினேன். சில நாள் பிடித்தது. பெட்டியிலிருந்து பற்பசை வாசம் வந்தது. பிறகு அதுவும் காய்ந்து உதிர்ந்தது.

மேல்மூடியைக் கழற்றி வைத்தேன். கீழே செங்கல் கொடுத்து உயர்த்தினேன். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தால், கரண்ட் குறைந்து வரும் நேரங்களில் அது சோம்பல் முறிப்பதுபோல் சுற்றும். அப்போதெல்லாம் அம்மா பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து விசிறுவார். எனக்கு இல்லை, பெட்டிக்கு. ஒரு கை சோர்ந்தால் மறு கை. நான் திரையில் ஆட்களைச் சுட்டு விழுத்திக்கொண்டிருப்பேன், அம்மா வேர்க்க வேர்க்க விசிறிக்கொண்டிருப்பார். "விசிறினது காணும் அம்மா, எழும்புங்கோ" என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நிறுத்தினால் பெட்டி நிற்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐஸ் பெட்டி யோசனை அம்மாவுடையதுதான். அப்பா மீன் போடுகிற பாரமில்லாத வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிகளில் ஒன்று மூலை உடைந்து கொல்லையில் கிடந்தது.

"செத்த மீனே இதுக்க பழுதாகாமக் கிடக்குது. உன்ர சாமான் கிடவாதோ?" என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்த குளிர் அதுதான். எங்களுக்கெல்லாம் தெரிந்த குளிர் அதுதான். கருவாட்டுக் கத்தியால் பெட்டியின் பக்கத்தில் ஓட்டை வெட்டி வயர்களை விட்டோம். அடியில் பொலித்தீன் பைகளில் கட்டிய ஐஸ், அதன் மேல் செங்கல், செங்கல் மேல் பலகை, பலகை மேல் கொம்பியூட்டர். ஓட்டையில் மிச்ச இடத்தைப் பழைய வலைத் துண்டால் அடைத்தோம். ஈரம் இழுக்கும் என்று அம்மா கல்லுப்பைச் சீலைத் துண்டுகளில் முடிந்து நாலு மூலைக்கும் வைத்தார். மின்சாரச் சாமானுக்குப் பக்கத்தில் உப்பு வைத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். கருவாடு போடுகிற வீட்டில் ஈரத்துக்கு உப்பைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஓடியது! அலறல் இல்லை, கறுப்பு இல்லை, காலை முழுக்க ஓடியது. பெட்டியிலிருந்து வந்த காற்றில் பழைய மீன் நாற்றம் வீசியது, என் சேட்டெல்லாம் அந்த நாற்றம். கடலுக்கே போகாதவனுக்கு மீன்காரன் வாசம்.

அன்றிலிருந்து அப்பா விடியலில் கடலுக்குப் போகுமுன் தன் ஐஸில் ஒரு துண்டை உடைத்து என் அறை வாசலில் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போவார். குறைந்த ஐஸோடு அவர் வெயிலில் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதில்லை. அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்ததும் இல்லை. பக்கத்து வளவுப் பொடியன் வந்து "ஐயா, வெளிக்கிடுவமோ?" என்று கூப்பிடும் சத்தம் கேட்கும். பிறகு இரண்டு பேரின் காலடி மணலில் தேய்ந்து போகும். நான் திரும்பிப் படுப்பேன்.

அப்படி அவர்கள் போயிருந்த ஒரு காலையில்தான் சுற்றிவளைப்பு நடந்தது. ஆயுதத்தோடு சீருடைக்காரர்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு வெளியே வரச் சொன்னார்கள். நான் விளையாட்டின் நடுவில் இருந்தேன். பெட்டியை நிறுத்தக் கூட நேரம் இல்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஓடினேன்.

வீடு பார்க்கப் போன ஒருவன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தான். நுழைந்த வேகத்திலேயே கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தான். அவன் கண்டது இதுதான்: மூடிய வெள்ளைப் பெட்டி. பக்கத்து ஓட்டையால் உள்ளே போகும் வயர்கள். இடுக்கால் தெரியும் சிவப்பு வெளிச்சம். உள்ளே ஏதோ உறுமுகிறது, அடியால் தண்ணீர் சொட்டுகிறது. நான் அவன் இடத்தில் இருந்தாலும் குண்டு என்று பாய்ந்துதான் இருப்பேன்.

விசில் அடித்தார்கள். ஒழுங்கை முழுவதையும் கடற்கரைப் பக்கம் துரத்தி மணலில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், குளித்த பாதியில் ஈரச் சீலையோடு வந்தவர்கள், எல்லோரும் படுத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் வீரிட்டன. எனக்கு இரண்டு பக்கத்திலும் யாரோ "என்ர மாதாவே, என்ர மாதாவே" என்று முணுமுணுத்தார்கள். அது என் விளையாட்டுச் சாமான் என்று அந்த மணலில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் வாயைத் திறக்கவில்லை. எழும்பிச் சொன்னது அம்மா.

"ஐயா, அது கொம்பியூட்டர் ஐயா. சூடு எண்டு ஐஸ் பெட்டிக்க வைச்சது."

அவர்களின் பெரியவர் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். அம்மாவைக் கிறுக்கு என்பதுபோல் பார்த்தார். "கொம்பியூட்டர்? மீன் பெட்டி உள்ளே?"

"ஓம் ஐயா."

"யார் வைச்சது?"

அம்மா வாயைத் திறக்குமுன் நான் எழும்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் எழும்பவில்லை. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்ததை அவர் கண்டுகொண்டார். "நீ. போய்த் திற" என்றார்.

தனியாக நடந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். வயர்களைப் பிடுங்கி, கொம்பியூட்டரைக் கைபிடியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர் சொட்டியது. வலைத் துண்டு ஒன்று வாலாகத் தொங்கியது. உப்பு முடிச்சு ஒன்று காலடியில் விழுந்தது. குப்புறப் படுத்திருந்த முழு ஒழுங்கையும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. சீருடைக்காரர்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மானம் கப்பலேறுவது என்பார்களே, அன்று எங்கள் கரையில் அது ஏறிப் போனதை நான் நின்று பார்த்தேன்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஓடுமா? போட்டுக் காட்டு" என்றார்.

எல்லோரையும் எழும்பச் சொல்லி எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் துடைத்து, வயர்களைக் கொடுத்து, திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துப் போட்டேன். விளையாட்டு வந்தது. முதல் வெடிச் சத்தத்துக்கு முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பழக்கத்தில் நிலத்தில் விழுந்தார்கள். தாய்மார் குனிந்தார்கள். சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று விளங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இந்தச் சத்தத்தைத்தானேடா நாங்க எங்கயோ தூரத்தில சண்டை எண்டு நினைச்சனாங்கள்!" என்றார் ஒரு கிழவர்.

"விளையாடு" என்றார் பெரியவர். விளையாடினேன். விரல்கள் தம்பாட்டில் ஓடின. இளம் சீருடைக்காரன் ஒருவன் கதிரையை இழுத்துப்போட்டு என்னைத் தள்ளிவிட்டுத் தான் இருந்தான். எந்தக் கட்டையை அழுத்தினால் சுடலாம் என்று அவனுக்குக் காட்டினேன். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். யன்னலுக்கு வெளியே ஒழுங்கை முழுவதும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நெஞ்சு வருத்தக்காரன் நல்லாத்தான் சுடுறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

அப்போதுதான் மாமியைக் கண்டேன். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், மேசையோரம் இருந்த பிளேன்டீ கோப்பைகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பிடிக்காமல், மூச்சை இழுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நடிக்க மறந்துவிட்டேன். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பெரியவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டச் சொன்னார். என் உள்ளங்கையைத் தன் பெருவிரலால் தடவினார்.

"மீன் ஊர். இது மீன்காரன் கை இல்லை. நீ எந்த ஊர்?"

"இந்த ஊர்தான் ஐயா."

"கடலுக்கு ஏன் போறதில்லை?"

"அவனுக்கு இருதய வருத்தம் ஐயா" என்றார் அம்மா.

"வருத்தம்? இப்ப பார்த்தேன். நல்லா இருக்கு. வேற ஊரில் இருந்து வந்த ஆள், வீட்டுக்குள்ளே ஒளிச்சு வைச்சிருக்கு. சரியா?"

அதே நேரம் பார்த்துப் பெட்டி கறுத்துப்போனது. ஐஸ் இல்லாமல் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? விளையாடிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழும்பி என்னை முறைத்தான், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பதுபோல். பெரியவர் என் அட்டையைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். அட்டை பைக்குள் போனால் ஆளும் வாகனத்துக்குப் போக வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். அம்மா என் கையைப் பிடித்தார்.

மாமி யன்னலை விட்டுவிட்டு வாசலால் உள்ளே வந்தார்.

"ஐயா, அது வருத்தக்காரப் பிள்ளைதான். இஞ்சயே பிறந்து வளந்தது. இருதய வருத்தம். நான்தான் மடு மண் குடுத்தனான்."

"நீ யார்?"

"பக்கத்து வீடு ஐயா. என்ர மகன்தான் இவருக்குப் பதிலாக் கடலுக்குப் போறவன். இப்பவும் கடலிலதான் நிக்கிறான். வருத்தம் இல்லாதவனுக்குப் பதிலா நான் என்ர பிள்ளைய அனுப்புவனோ, ஐயா? எனக்கு இருக்கிறது ஒண்டே ஒண்டு."

அந்தக் கேள்வியில் பிழை பிடிக்கப் பெரியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டையை எடுத்து மேசை மேல் போட்டுவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். மாமியும் எங்களைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று முழுக்க நான் அறையை விட்டு வரவில்லை. அம்மா சோறு கொண்டுவந்து வைத்தார், நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமி வந்து ஏசுவார் என்று காத்திருந்தேன். ஒழுங்கை கேட்க, மண்ணை வாரித் தூற்றி ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. உயிர் தப்பிய சந்தோசம் எனக்கு வரவே இல்லை. அவமானம்தான் வந்தது, காய்ச்சல்போல் உடம்பு முழுக்க.

பின்னேரம் வள்ளங்கள் வந்தன. அப்பா முற்றத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். எப்போதும் வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் புகுந்து வருகிறவர், அன்று படலையைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா ஓடிப்போனார்.

"பிள்ளை, நான் உனக்கு எப்பிடிச் சொல்ல..."

"விடுங்கோ அக்கா" என்றார் மாமி. "நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்."

பிறகு என் அறை வாசலுக்கு வந்தார். நான் எழும்பி நின்றேன். மாமி மேசையில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

"தம்பி, அது ரெண்டு பேர் இருந்து விளையாடலாமோ?"

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முற்றத்தில் வலை உதறும் சத்தம் நின்றுவிட்டது. அப்பாவுக்கும் விளங்கியிருந்தது. ஆம் என்றால் நாளைக்கு அப்பாவோடு போக ஆள் இல்லை. இல்லை என்றால் இந்த மாமியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. நான் போகிறேன் என்பது அந்தப் பதில். அது என் தொண்டை வரைக்கும் வந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமி" என்றேன். "முறை வைச்சு விளையாடலாம்."

"ரெண்டு பேர் எண்டா இன்னும் சூடாகாதோ?"

"ஆகாது மாமி."

மாமி தலையை ஆட்டினார். போகும்போது முற்றத்தில் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா வலையைப் பார்த்தபடியே, "அனுப்பிவிடு பிள்ளை. நான் சின்ன வலையைக் கொண்டு போறன்" என்றார்.

மறுநாள் விடியலில் அவன் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு வருகிறவன்போல் தலை வாரி இழுத்து, துவைத்த சேட்டுப் போட்டிருந்தான். கதிரை நுனியில் இருந்தான். எனக்கு அவனுடைய கைகள்தான் தெரிந்தன, விரல்கள் முழுக்க வலை அறுத்த கோடுகள். எந்தக் கட்டை என்ன செய்யும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் முறை எனக்கு, அடுத்த முறை அவனுக்கு. அவன் நல்லாய்ப் பிடித்துக்கொண்டான், ஒரு தரம் சிரிக்கவும் செய்தான்.

அவனுடைய முறை நடந்துகொண்டிருந்தபோது வெளியே அப்பா வெளிக்கிட்டார். வள்ளத்து எஞ்சினைத் தூக்கித் தோளில் வைக்க முயல்கிற சத்தம் கேட்டது. அது எப்போதும் இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிப் போகிற எஞ்சின். ஒரு தரம் தூக்கினார், கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். அம்மா குசினிக்குள் அசையாமல் இருந்தார்.

"அண்ணை, ஐயா தனியத் தூக்கிறார்" என்றான். என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அவன் கட்டைகளை விட்டுவிட்டு எழும்பி வெளியே ஓடினான். இரண்டு பேரின் காலடியும் கடற்கரைப் பக்கம் போனது.

திரையில் அவனுடைய ஆள் சுடாமல் நின்றுகொண்டிருந்தான். நான் கதிரையை முன்னால் இழுத்தேன். அவன் வள்ளத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரும்வரை, அவனுடைய முறையையும் நானே விளையாடினேன்.